அடிமழை பொழிந்த ஆண்டு

கீழ்க்காணும் பகுதியை வாசித்து, தொடர்ந்து வரும் நடவடிக்கைகளைச் செய்க.

1929ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து அமெரிக்காவில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வங்கிகள் நொடித்தன, பல்லாயிரக் கணக்கானோர் வேலை இழந்தனர். எனினும், அடுத்த ஆண்டின் கோடைக்காலத்தில் அந்நாட்டின் பேஸ்பால் அரங்கங்கள் நிரம்பி வழிந்தன. 1930ஆம் ஆண்டுப் பருவத்தில் 10 மில்லியனுக்கும் மேற்பட்டோர் நுழைவுச்சீட்டு வாங்கி ஆட்டங்களைக் கண்டனர். கவலையை மறக்க வந்த அவர்களுக்கு அன்றைய விளையாட்டாளர்கள் விருந்து படைத்தனர். மட்டையில் பட்ட பந்துகள் நாள்தோறும் வேலியைத் தாண்டிப் பறந்தன. அதுவரை யாரும் கண்டிராத ஓட்டங்கள் பலகையில் ஏறின.

அந்த ஆண்டின் சாதனைகள் சில இன்றளவும் முறியடிக்கப்படவில்லை. ஆனால், அந்தச் சாதனைகளின் உண்மையான மதிப்பு என்ன என்னும் கேள்வி அப்போதே எழுந்தது.

ஆட்டத்தின் அடிப்படை

பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு குழுவுக்கு ஒன்பது பேர். நம் பள்ளிகளில் ஆடப்படும் சாஃப்ட்பால் இதன் நெருங்கிய உறவு. வீச்சாளர் ஒரு சிறு மேட்டின் மீது நின்று, ஏறத்தாழ 18 மீட்டர் தொலைவில் உள்ள மட்டையாளரை நோக்கிப் பந்தை எறிவார். மட்டையாளர் அதனை அடித்துவிட்டு முதல் தளத்தை நோக்கி ஓடுவார். சாய்சதுர வடிவில் அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம் கிட்டும். பந்து நேராக வேலியைத் தாண்டி விழுந்தால் அது ஹோம் ரன். அப்போது மட்டையாளரும் தளங்களில் காத்திருக்கும் அவருடைய தோழர்களும் தடையின்றிச் சுற்றி வந்து ஓட்டங்களைச் சேர்ப்பர்.

கிரிக்கெட்டைப் போல இங்கு நெடுநேரம் நின்று ஆட முடியாது. உருண்டையான பந்தை உருண்டையான மட்டையால் அடிக்க வேண்டும். பந்து வந்து சேர அரை நொடிகூட ஆகாது. ஆகவே, பத்து வாய்ப்புகளில் மூன்று முறை வெற்றியுடன் அடிப்பவரே சிறந்த மட்டையாளர் எனப் போற்றப்படுகிறார். இந்த விகிதத்தை மட்டையடிச் சராசரி என்பர். 1000 வாய்ப்புகளில் 300 வெற்றி அடிகள் என்றால் சராசரி 0.300 ஆகும். பேஸ்பாலின் நீண்ட வரலாற்றில் அனைத்து மட்டையாளர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்தச் சராசரி பெரும்பாலும் 0.260ஐ ஒட்டியே இருந்து வந்துள்ளது.

1930இல் அமெரிக்காவின் முதன்மைப் போட்டிகள் இரண்டு லீக்குகளாக நடைபெற்றன. ஒன்று நேஷனல் லீக். மற்றொன்று அமெரிக்கன் லீக். ஒவ்வொன்றிலும் எட்டுக் குழுக்கள் இருந்தன. ஒவ்வொரு குழுவும் 154 ஆட்டங்கள் ஆட வேண்டும். இரு லீக்குகளிலும் முதலிடம் பெறும் குழுக்கள் பருவ முடிவில் 'உலகத் தொடர்' எனும் இறுதிப் போட்டியில் மோதும்.

எங்கும் ஓட்டம், எதிலும் ஓட்டம்

1930இல் நேஷனல் லீக்கின் மொத்தச் சராசரி 0.303. அதாவது, சிறந்த மட்டையாளர்கள் மட்டுமே எட்டக்கூடிய அளவை அந்த லீக்கின் சராசரி விளையாட்டாளரே எட்டிவிட்டார்! எட்டுக் குழுக்களில் ஆறு குழுக்கள் 0.300க்கு மேல் அடித்தன. 1900ஆம் ஆண்டுக்குப் பிறகு எந்த லீக்கும் இந்த அளவைத் தொட்டதில்லை.

நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவின் பில் டெரி 254 வெற்றி அடிகளுடன் 0.401 எனும் சராசரியைப் பெற்றார். அவருக்குப் பின் நேஷனல் லீக்கில் வேறு எவரும் 0.400ஐ எட்டியதில்லை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவில் வழக்கமாக ஆடிய எட்டு மட்டையாளர்களும் 0.300க்கு மேல் அடித்தனர். அக்குழு 1004 ஓட்டங்களைக் குவித்தது. சிகாகோ கப்ஸ் குழுவின் ஹேக் வில்சன் 56 ஹோம் ரன்கள் அடித்தார். நேஷனல் லீக்கில் அந்தச் சாதனை 1998ஆம் ஆண்டு வரை, 68 ஆண்டுகள் நிலைத்து நின்றது.

காரணம் என்ன?

இந்த அடிமழை ஒரே நாளில் பொழிந்துவிடவில்லை. அதற்கான மேகங்கள் பத்தாண்டுகளாகவே திரண்டு வந்தன. முன்பெல்லாம் வீச்சாளர்கள் பந்தில் எச்சில் தடவி எறிவது வழக்கம். அவ்வாறு எறியப்படும் பந்து எதிர்பாராத திசையில் வளையும். 1920இல் இப்பழக்கத்திற்குத் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ரே சாப்மன் என்ற விளையாட்டாளர் தலையில் பந்து தாக்கி உயிரிழந்தார். அதுவரை ஒரே பந்தை அழுக்கேறி மங்கும் வரை பயன்படுத்தி வந்தனர். அந்தத் துயரத்திற்குப் பின், அழுக்கடைந்த பந்துகளை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வலுப்பெற்றது. வெண்மையான புதிய பந்து மட்டையாளரின் கண்ணுக்கு நன்கு தெரிந்தது.

அதே காலத்தில்தான் பேப் ரூத் எழுச்சி பெற்றார். 1920இல் 54 ஹோம் ரன்களும் 1927இல் 60 ஹோம் ரன்களும் அடித்து அவர் நாட்டையே வியக்க வைத்தார். பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடும் பழைய முறையைக் கைவிட்டு, முழு வலிமையுடன் மட்டையைச் சுழற்ற இளையோர் கற்றுக்கொண்டனர். இரசிகர்களும் அதையே விரும்பினர்.

1930இல் பந்தும் மட்டையாளருக்குச் சாதகமாக அமைந்தது. பேஸ்பால் பந்தின் நடுவில் தக்கை இருக்கும். அதைச் சுற்றிக் கம்பளி நூல் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். அதன்மேல் தோல் போர்த்தித் தைத்திருப்பர். அந்தத் தையல் மேடாக இருந்தால்தான் வீச்சாளரின் விரல்களுக்குப் பிடிமானம் கிடைக்கும். பந்தை வளைத்து எறிய இயலும். அவ்வாண்டுப் பந்துகளில் தையல் தோலோடு படிந்திருந்தது. பிடிமானம் குறைந்தது, பந்து வளையவில்லை. நேராக வந்த பந்தை மட்டையாளர்கள் விளாசித் தள்ளினர்.

அடித்தும் தோற்ற குழு

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. ஆனால், ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் குழுவுக்கு அம்மி நகரவே இல்லை. அக்குழுவின் சராசரி 0.315. எந்த ஆண்டிலும் பெருமைப்படத்தக்க எண் அது. அக்குழுவின் சக் கிளைன் 250 வெற்றி அடிகளுடன் 0.386 எனும் சராசரி பெற்றார். 40 ஹோம் ரன்களும் அடித்தார். அவருடைய தோழர் லெஃப்டி ஓடூலின் சராசரி 0.383. குழு மொத்தம் 944 ஓட்டங்களைக் குவித்தது.

இத்தனை அடித்த குழு எந்த இடத்தைப் பிடித்தது? கடைசி இடம்! 52 ஆட்டங்களில் வென்று, 102 ஆட்டங்களில் தோற்றது.

அக்குழு 944 ஓட்டங்கள் எடுத்தது உண்மை. ஆனால், எதிரணிகளுக்கு அது கொடுத்த ஓட்டங்கள் 1199. ஓர் ஆட்டத்திற்கு ஆறு ஓட்டங்கள் எடுத்து, ஏறத்தாழ எட்டு ஓட்டங்கள் கொடுத்தது. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றிய கதைதான். அக்குழுவின் வீச்சாளர்கள் திறன் குறைந்தவர்களாக இருந்தனர். சொந்தத் திடலும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 'பேக்கர் பவுல்' எனும் அத்திடலின் வலப்பக்கச் சுவர் மட்டையாளரிடமிருந்து வெறும் 85 மீட்டர் தொலைவில் இருந்தது. அந்தச் சுவரைத் தங்கள் மட்டையாளர்கள் எளிதில் எட்டியதைப் போலவே எதிரணியினரும் எட்டினர்.

இதற்கு நேர்மாறான காட்சி அதே நகரில் அரங்கேறியது. அமெரிக்கன் லீக்கைச் சேர்ந்த ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் குழுவில் லெஃப்டி குரோவ் என்ற வீச்சாளர் இருந்தார். எல்லா வீச்சாளர்களும் அடிவாங்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டில் அவர் 28 ஆட்டங்களில் வென்று ஐந்தில் மட்டுமே தோற்றார். உலகத் தொடரில் அத்லெட்டிக்ஸ் குழுவும் கார்டினல்ஸ் குழுவும் மோதின. பருவம் முழுவதும் ஆட்டத்திற்கு ஆறு ஓட்டங்களுக்கு மேல் எடுத்து வந்த கார்டினல்ஸ் குழு, ஆறு ஆட்டங்களில் மொத்தம் 12 ஓட்டங்களையே எடுக்க முடிந்தது. குரோவும் ஜார்ஜ் எர்ன்ஷாவும் ஆளுக்கு இரண்டு ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தனர். அடிமழை பொழிந்த ஆண்டின் வெற்றிக் கிண்ணத்தை வீச்சாளர்களே பெற்றுத் தந்தனர்.

ஹேக் வில்சனின் ஏற்றமும் இறக்கமும்

அந்தப் பருவத்தின் நாயகன் ஹேக் வில்சன். 1900ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்த இவர், ஏழு வயதில் தாயை இழந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில் எஞ்சின் தொழிற்சாலையில் சம்மட்டி அடிக்கும் வேலைக்குச் சென்றார். வளர்ந்தபோது அவருடைய உயரம் 168 சென்டிமீட்டர்தான். ஆனால், சம்மட்டி பிடித்த தோள்கள் பாறையைப் போல உரமேறி இருந்தன.

1929 உலகத் தொடரில் அவர் பெரும் சோதனையைச் சந்தித்தார. நான்காம் ஆட்டத்தில் கப்ஸ் குழு 8-0 என முன்னிலை வகித்தது. ஏழாம் சுற்றில் அத்லெட்டிக்ஸ் மட்டையாளர்கள் உயர அடித்த இரண்டு பந்துகள் வில்சனை நோக்கி வந்தன. வெயில் கண்ணைக் கூசச் செய்ததால் இரண்டையும் அவர் தவறவிட்டார். அச்சுற்றில் மட்டும் எதிரணி 10 ஓட்டங்களைச் சேர்த்து ஆட்டத்தை வென்றது. தொடரும் கைநழுவியது. யானைக்கும் அடி சறுக்கும் என்று யாரும் பொறுத்துக்கொள்ளவில்லை. அத்தொடரில் அவருடைய மட்டையடிச் சராசரி 0.471 என்பதை எவரும் நினைவுகூரவும் இல்லை. தவறவிட்ட இரண்டு பந்துகளைச் சொல்லியே அவரை எள்ளி நகையாடினர்.

மறு ஆண்டு அவர் தமது மட்டையால் பதில் கூறினார். 56 ஹோம் ரன்கள் அடித்ததோடு, தாமும் தம் தோழர்களும் ஓட்டம் எடுக்கக் காரணமான அடிகளால் 190 ஓட்டங்களை ஈட்டித் தந்ததாக அன்றைய ஏடுகள் பதிவு செய்தன. இந்த வகையில் ஒரே பருவத்தில் ஈட்டப்பட்ட மிகப் பெரிய எண்ணிக்கை அதுவே.

ஆனால், புகழின் உச்சியில் நிற்கப் பழகுவது அதில் ஏறுவதைவிடக் கடினம். வில்சனுக்கு மதுப்பழக்கம் இருந்தது. அவரைப் பக்குவமாக வழிநடத்திய பயிற்றுநர் ஜோ மெக்கார்த்தி 1930இன் முடிவில் குழுவை விட்டு விலகினார். புதிய பயிற்றுநரோடு வில்சனுக்கு ஒத்துப்போகவில்லை. 1931இல் அவர் அடித்தவை வெறும் 13 ஹோம் ரன்கள். ஈட்டித் தந்த ஓட்டங்கள் 61. 1934க்குப் பிறகு முதன்மைப் போட்டிகளில் அவருக்கு இடமில்லை.

பந்து மாறியது, ஆட்டமும் மாறியது

வில்சனின் வீழ்ச்சிக்கு அவர் மட்டுமே காரணமா? இல்லை. 1930ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும், ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டதாக நிர்வாகிகள் கருதினர். 1931இல் பந்தின் தையலை மேடாக்கினர். நேஷனல் லீக்கில் மேல்தோலின் தடிப்பையும் கூட்டினர். வீச்சாளரின் விரல்களுக்கு மீண்டும் பிடிமானம் கிடைத்தது. நேஷனல் லீக்கின் சராசரி 0.303இலிருந்து 0.277ஆக இறங்கியது. அந்த லீக்கில் 892ஆக இருந்த ஹோம் ரன்களின் எண்ணிக்கை 493ஆகக் குறைந்தது.

விளையாட்டாளர்கள் ஒரே குளிர்காலத்தில் திறமையை இழந்துவிடவில்லை. ஒரு நூல் தையலின் மேடு அவர்களுடைய எண்களை மாற்றிவிட்டது. அப்படியென்றால் 1930இன் சாதனைகள் பொய்யா? அவையும் பொய்யல்ல. அதே பந்தைத்தான் எல்லாரும் அடித்தனர். ஆனாலும், 56 ஹோம் ரன்களை வில்சன் ஒருவரே அடித்தார். பொதுவாகக் கிடைத்த வாய்ப்பில் பிறரைவிட எவ்வளவு முந்தினார் என்பதே ஒருவரின் உண்மையான அளவு.

இதனை விளக்க மற்றோர் ஆண்டு உதவும். 1968இல் வீச்சாளர்களின் கை ஓங்கியிருந்தது. அமெரிக்கன் லீக்கின் மொத்தச் சராசரி 0.230ஆகச் சரிந்தது. அவ்வாண்டு அந்த லீக்கில் முதலிடம் பெற்ற மட்டையாளர் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி 0.301. அதாவது, 1930இல் நேஷனல் லீக்கின் சராசரி விளையாட்டாளர் பெற்ற எண்ணைவிடக் குறைவு! எண்ணை மட்டும் பார்ப்பவர் யாஸ்ட்ரெம்ஸ்கியைச் சாதாரணமானவர் என்பார். பின்னணியை அறிந்தவர் அவரைத் தம் காலத்தின் முதல்வர் என்பார். அந்த ஆண்டுக்குப் பிறகு, வீச்சாளர் நிற்கும் மேட்டின் உயரம் 38 சென்டிமீட்டரிலிருந்து 25 சென்டிமீட்டராகக் குறைக்கப்பட்டது. 1931இல் வீச்சாளருக்குக் கைகொடுத்த நிர்வாகிகள், இம்முறை மட்டையாளருக்குக் கைகொடுத்தனர்.

ஏட்டில் விடுபட்டவர்கள்

1930இன் ஏடுகளில் இன்னொரு பெரிய குறை இருந்தது. அன்று கறுப்பின விளையாட்டாளர்களுக்கு இந்த இரு லீக்குகளிலும் இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் தங்களுக்கெனத் தனி லீக்குகளை அமைத்துக்கொண்டு ஆடினர். அந்த 1930ஆம் ஆண்டில்தான் ஜோஷ் கிப்சன் என்னும் 18 வயது இளைஞர் ஹோம்ஸ்டெட் கிரேஸ் குழுவில் ஆடத் தொடங்கினார். பிற்காலத்தில் பேஸ்பாலின் ஆற்றல் மிக்க மட்டையாளர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவர் அவர். நிறத் தடை உடைந்து, ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரலில் முதன்மை லீக்கில் கால் பதித்தார். கிப்சன் அதைக் காணவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்னரே காலமாகிவிட்டார்.

2024ஆம் ஆண்டு, கறுப்பின லீக்குகளின் எண்களும் முதன்மைப் போட்டிகளின் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் மட்டையடிச் சராசரிப் பட்டியலில் கிப்சனின் பெயர் 0.372 எனும் எண்ணுடன் முதலிடத்தில் ஏறியது.

வில்சனின் எண்ணும் திருத்தப்பட்டது. 1930 ஜூலையில் நடந்த ஓர் ஆட்டத்தில் அவர் ஈட்டித் தந்த ஓர் ஓட்டம், தவறுதலாக அவருடைய தோழர் சார்லி கிரிம் பெயரில் எழுதப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 1999இல் 190 என்பது 191 ஆனது. 69 ஆண்டுகள் கழிந்தபின் ஒரே ஓர் எண்ணைத் திருத்த வேண்டுமா என்று அவர்கள் எண்ணவில்லை. உரியதை உரியவருக்குக் கொடுப்பதற்குக் காலக்கெடு இல்லை.

அந்தத் திருத்தத்தைக் காண வில்சன் உயிரோடு இல்லை. விளையாட்டை விட்டபின் பால்டிமோர் நகரில் நகராட்சி நீச்சல்குளம் ஒன்றில் பணியாற்றிய அவர், 1948 நவம்பரில் தமது 48ஆம் வயதில் கையில் காசின்றி இறந்தார். அடக்கச் செலவை நேஷனல் லீக்கே ஏற்க வேண்டியதாயிற்று. இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் அவர் வானொலியில் இளையோருக்காகப் பேசினார். திறமை மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது. நல்லறிவும் பிறர் கூறும் நல்லுரையைக் கேட்கும் மனமும் வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். 1979இல் அவருடைய பெயர் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் பொறிக்கப்பட்டது. 191 என்னும் அவருடைய எண்ணை இதுவரை யாரும் தாண்டவில்லை.

சொல் விளக்கம்

சாய்சதுரம் – நான்கு பக்கங்களும் சமமாக உள்ள சாய்ந்த வடிவம்
நொடித்தன – பணமின்றி நிலைகுலைந்தன
உரமேறி – வலிமை பெற்று
எள்ளி நகையாடினர் – இகழ்ந்து சிரித்தனர்
சாரம் – சுருக்கமான உட்கருத்து

நடவடிக்கைகள்

1. பொருளாதார நெருக்கடியிலும் 1930இல் பேஸ்பால் அரங்கங்கள் நிரம்பியதற்குக் காரணம் யாது?
2. பந்தின் தையல் ஆட்டத்தின் போக்கை எவ்வாறு மாற்றியது? விளக்குக.
3. ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் குழு 0.315 சராசரி பெற்றும் கடைசி இடத்தைப் பிடித்தது ஏன்?
4. 'எண்ணை மட்டும் பார்ப்பவர்', 'பின்னணியை அறிந்தவர்' – இவ்விருவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பகுதியில் காணும் சான்றுடன் எழுதுக.
5. ஒருவரின் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் கொண்டு அவருடைய திறமையை முடிவு செய்வது சரியா? குழுவில் கலந்துரையாடி, உங்கள் கருத்தை 80 சொற்களில் எழுதுக.